லீவு நாளில் வரும் வலி

எங்க வீட்டுக்காரர் முனியராஜைப் பத்தி ஒரே வார்த்தையில சொல்லச் சொன்னா, அழுத்தக்காரர்னுதான் சொல்லுவேன். இங்கன வலிக்குது, அங்கன குத்துதுன்னு வாயத் திறந்து சொல்ல மாட்டாக. நாமளாப் பாத்துக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சுக் கேட்டாலும், அதெல்லாம் ஒண்ணுமில்ல போன்னு ஒரே பதில்தான். நான் பேசுறதுல பாதி அவுகளுக்கும் சேத்துப் பேசுறது. ஊருக்குள்ள என்னைய வாயாடி மாரித்தாயின்னு சொல்றாங்கன்னா, அதுல பாதிப் பங்கு அவுகளுக்கு உண்டு.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துலதான் எங்க ஊரு. ரெண்டு பேருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில வேலை. காலையில வேன் வரும், ஏறிப் போவோம். நான் பேக்கிங். அவுக வெடி காயப்போடுற மேடையில. தட்டுத் தட்டாத் தூக்கிட்டுப் போயி வெயில்ல பரப்பணும், மேகம் கறுத்தா ஓட்டமும் நடையுமா உள்ள எடுக்கணும், பொழுது சாயுறதுக்குள்ள அம்புட்டையும் திரும்பக் கொண்டு சேக்கணும். நடக்கவும் குனியவும் நிமிரவுமா நாள் முழுக்க அதே வேலைதான்.

அப்படி வேலை பாக்குற ஆளுக்கு இடுப்பு வலின்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. ஆனா இவுக கதையே வேற. வேலைக்குப் போற நாள்ல வலி இருக்காது. லீவு நாள்லதான் வலிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில கட்டில் சட்டத்தைப் பிடிச்சு, சுவத்தைப் பிடிச்சு, ஒரு பக்கமாச் சாஞ்சு எந்திரிப்பாக. மழையில கம்பெனி பூட்டிக் கிடந்தாக் கேக்கவே வேணாம். தீபாவளி முடிஞ்சு சீசன் ஓஞ்சதும் ஊரே அக்கடான்னு காலை நீட்டிப் படுக்கும். இந்த மனுசன் மட்டும் விடியுறதுக்கு முந்தியே எந்திரிச்சு வாசல்ல மேலயும் கீழயும் நடந்துக்கிட்டு இருப்பாக. நடக்க நடக்கத்தான் சரியாகுதுன்னு ஒருநாள் வாய் தவறிச் சொன்னாக.

எனக்குக் கோவம் வருமா, வராதா? ஊரு ஒலகத்துல ஆம்பளைங்க வேலையில இடுப்பு ஒடிஞ்சு வந்து வீட்டுல ரெண்டு நாள் கிடந்தாத் தெளிஞ்சிருவாங்க. எனக்கு வாச்ச மனுசனுக்கு வீட்டுல கிடந்தாத்தான் வலிக்குதாம். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா வலிக்குதாக்கும்னு கேப்பேன். என் கூட பேக்கிங்ல இருக்கிற பாண்டிலட்சுமி ஒருபடி மேல போயி, அண்ணனுக்கு உன் சோறு சேரல, கம்பெனி டீதான் சேருதுன்னு சொல்லுவா. செக்ஷனே சிரிக்கும். அவுக காதுல விழுந்தாலும் ஒரு சிரிப்போட போயிருவாக. நாங்க கேலி பண்ணுனதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னுதான் இன்னைக்கும் நினைக்கேன். லீவு நாள்ல மட்டும் வலிக்கிறதுக்கு ஒரு சீக்கு இருக்கும்னு நான் என்ன கனவா கண்டேன்.

இடுப்பு இப்படின்னா, கண்ணுக்கு ஒரு தனிக் கதை. எப்பவாச்சும் திடீர்னு ஒரு கண்ணு மட்டும் செவந்துரும். எங்க பக்கத்துல கண்ணு செவந்தா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பொடி பட்டுருச்சுன்னு பதில் ரெடியா இருக்கும். அலுமினியப் பொடியும் கந்தகமும் பறக்குற எடத்துல பாடுபடுறவங்களுக்குக் கண்ணு செவக்காம என்ன செய்யும்? தண்ணி விட்டுக் கழுவுவோம், நந்தியாவட்டைப் பூவைக் கண்ணு மேல வச்சுக் கட்டுவோம். அதுக்கும் மசியலைன்னா மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விடுவோம். அவுகளுக்கும் முன்னால ரெண்டு தடவை வந்து, இப்படித்தான் எதையோ செஞ்சு ஆறிப்போச்சு. காயப்போடுற மேடையில பொடி அம்புட்டாப் பறக்காதேன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தோணல. பட்டாசுக்காரங்க கண்ணுன்னா பொடிதான். முடிஞ்சுது.

பொடிதான்னு நாங்க அடிச்சுச் சொல்றதுக்கு எங்க வீட்டுலயே ஒரு சாட்சி உண்டு. அது என் மாமனார் சோணைமுத்து. முதுகு வளைஞ்சு, கழுத்து முன்னால நீண்டு, அப்படியே இறுகிப்போச்சு. நிமிந்து ஒருத்தர் மூஞ்சியப் பாக்க முடியாது. நம்ம காலைப் பாத்துத்தான் பேசுவாக. கொலுசுச் சத்தத்தையும் செருப்பையும் வச்சே ஆளைச் சொல்லிருவாக. இடது கண்ணுலயும் பார்வை இல்ல. இப்ப எங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற வயசுலதான் அது போச்சாம். மூட்டை சுமந்து முதுகு போச்சு, பொடி பட்டுக் கண்ணு போச்சுன்னு மாமா சொல்லுவாக. ஊரும் அதைத்தான் சொல்லுச்சு.

படிப்பு ஏறலைன்னு மகனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப்போயி கம்பெனியில சேத்துவிட்டதும் மாமாதான். அதனால மகன் கண்ணு செவந்தா அன்னைக்கு அவுகளுக்குச் சோறு இறங்காது. தட்டுல பிசைஞ்சுக்கிட்டே இருந்துட்டு, வேணாம்த்தான்னு தள்ளிருவாக. பெத்த பிள்ளையும் நம்மள மாதிரி ஆயிருவானோன்னு பயம். எனக்கும் அதே பயம்தான். மாமா நடந்து போறதைப் பாக்கும்போதெல்லாம் பின்னாலயே எங்க வீட்டுக்காரர் போறது மாதிரி கண்ணுல படும். அதை வாய்விட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டது மட்டும் கிடையாது.

போன சீசன்ல, ஆர்டர் குவிஞ்சு மூச்சு விட நேரமில்லாத சமயத்துல, வலது கண்ணு செவந்துச்சு. இந்தத் தடவை ரொம்ப மோசம். பீளை கட்டல, அரிக்கல. வலி மட்டும் புருவத்துக்குள்ள குடையுது. வெளிச்சம் பட்டா ஆகல. காயப்போடுற மேடையில வெயில் எப்படி இருக்கும்? துண்டைத் தலையில முக்காடு போட்டு ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டே தட்டுத் தூக்கியிருக்காக. சாயங்காலம் வேன்ல ஏறுனா, மெட்ராஸ் ஐ மெட்ராஸ் ஐன்னு பொம்பளைங்க எல்லாம் சேலைத் தலைப்பால மூஞ்சிய மூடிக்கிட்டு நகந்து உக்காந்தாளுக. இது ஒட்டாது, வெறும் பொடிதான்னு நான் வேன் பூராவும் சண்டை போட்டுக்கிட்டு வந்தேன். மறுநாள் போர்மேன் ஊர்க்காவலன் அண்ணன் நல்லவிதமாச் சொல்லி, கண்ணு சரியானதும் வா முனியான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக.

வீட்டுல இருந்தா இடுப்பு சும்மா இருக்குமா? கண்ணும் இடுப்பும் சேந்து ஆளைக் கிடத்திருச்சு. அப்பவும் ஒண்ணுமில்லதான். எங்க மக பிரீத்திகா பள்ளிக்கூடத்துலருந்து வந்து, இடது கண்ணு தலகாணியில புதைய ஒருக்களிச்சுக் கிடந்தவுககிட்ட ஒரு படத்தைக் காட்டி, நல்லாருக்கான்னு கேட்டிருக்கா. நல்லாருக்குத்தான்னு சொல்லியிருக்காக. எது நல்லாருக்குன்னு அவ திருப்பிக் கேக்க, எல்லாமேதான்னு மழுப்பியிருக்காக. பிள்ளை எங்கிட்ட வந்து, அப்பா பொய் சொல்லுதுன்னா. நான் அவுக இடது கண்ணைப் பொத்தி, என் விரலைக் காட்டி எத்தனைன்னு கேட்டேன். புகையா இருக்குன்னு அப்பத்தான் வாயத் திறந்தாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. கண்ணு தெரியாததைக்கூடப் பொண்டாட்டிகிட்ட மறைக்கிற ஆளை என்ன செய்யன்னு கத்துனேன். கத்தி முடிச்சு அழுதேன். மாமா வாசப்படியில உக்காந்து தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாக.

விடிஞ்சதும் இழுத்துக்கிட்டுச் சிவகாசிக்குப் போனேன். அங்கன இருந்த கண் டாக்டர் பாத்துட்டு, வெளியிலருந்து எதுவும் பட்ட மாதிரி தெரியல, உடனே மதுரைக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. வழியிலயே இருக்கன்குடி மாரியாத்தாளுக்குக் கண்மலர் போடுறேன்னு நேந்துக்கிட்டேன். கண்ணு தெளிஞ்ச கையோட வெள்ளியில வாங்கிப் போட்டும் வந்துட்டேன், ஆத்தாளுக்குக் கடன் வச்சா ஆகாது.

மதுரை கண் ஆஸ்பத்திரியில ரொம்ப நேரம் பெஞ்சியில உக்கார வச்சுட்டாங்க. பேரைக் கூப்பிட்டதும் அவுக பெஞ்சியை அழுத்திப் பிடிச்சு மெதுவா எந்திரிச்சு, விறைச்ச காலோட நாலெட்டு வச்சாக. கதவுக்கு நேரா உக்காந்திருந்த டாக்டரம்மா அதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்காக. தாடையை வச்சு உக்காருற மிஷின்ல கண்ணைப் பாத்து முடிச்சாக. கண்ணுக்கு உள்ள வீக்கம், கண்பாப்பா ஓரமெல்லாம் ஒட்டிக்கிட ஆரம்பிச்சிருக்கு, இன்னும் விட்டிருந்தாப் பார்வைக்கே ஆபத்துன்னாக. சொட்டு மருந்து எழுதிக்கிட்டே, இடுப்பு வலி உண்டான்னு கேட்டாக.

கண்ணைக் காட்ட வந்தா இடுப்பைக் கேக்குறாகளேன்னு நான் முழிச்சேன். எங்க வீட்டுக்காரர் வழக்கம்போல, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், எல்லாருக்கும் உள்ளதுதான்னாக.

எனக்குப் பொறுக்கல. "எல்லாருக்கும் உள்ளது இல்ல மேடம். இவுகளுக்கு வேலை பாத்தா வலி இல்ல, லீவு விட்டாத்தான் வலி. விடியுமுன்ன எந்திரிச்சு நடக்காக. வீட்டுல இருந்தா வலிக்குதுன்னா நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?" ஒரு பிராதாத்தான் சொன்னேன்.

டாக்டரம்மா எழுதுறதை நிப்பாட்டிட்டாக. "அதை இன்னொரு தடவை சொல்லும்மா"ன்னாக.

சொன்னேன். காலையில எந்திரிக்கையில எம்புட்டு நேரம் இறுக்கமா இருக்கும், எந்த வயசுலருந்து, ஒரு பக்கப் புட்டம் வலிச்சு அப்புறம் மறுபக்கம் வலிக்குமான்னு ஒண்ணொண்ணாக் கேட்டாக. எல்லாத்துக்கும் ஆமாங்கிற பதில்தான். அந்தப் புட்டத்து வலியை நானே அன்னைக்குத்தான் முதல்முதலாக் கேள்விப்பட்டேன். வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கான்னு கேட்டதும், மாமாவோட முதுகையும் போன கண்ணையும் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு எங்க பயம் புரிஞ்சிருக்கணும். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு நேரா உக்காந்தாக.

அவுக சொன்னதை நான் எனக்குத் தெரிஞ்ச பாசையில சொல்லுதேன். இது பொடியும் இல்ல, தட்டுத் தூக்குனதும் இல்ல. கிருமி வந்தா எதிர்த்து நிக்கிறதுக்கு உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. சிலருக்கு அது ஆள் தெரியாம சொந்த உடம்பையே தாக்க ஆரம்பிச்சிரும். இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் சேருற எடத்துல தாக்குனா வலியும் இறுக்கமும். கண்ணுக்குள்ள தாக்குனா இந்தச் செவப்பு. ரெண்டும் ஒரே சீக்கு. ஓஞ்சு கிடந்தா இறுகும், அசைஞ்சு குடுத்தா இளகும். கவனிக்காம விட்டாச் சில பேருக்கு முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயி மாமாவுக்கு ஆன மாதிரி ஆயிரும்.

இவுகளுக்கும் ஆயிருமான்னு கேட்டேன். அதைக் கேக்க முடியாமத்தான் எத்தனையோ வருசமா நாக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆகாமத் தடுக்கத்தான் இப்ப வழி இருக்கு, சீக்கிரமா மூட்டு டாக்டரைப் பாருங்கன்னாக.

மதுரையிலயே பெரியாஸ்பத்திரியில மூட்டு டாக்டரைப் பாத்தோம். இடுப்பைப் படம் எடுத்தாக, ரத்தம் எடுத்தாக. எச்.எல்.ஏ. பி இருபத்தேழுன்னு ஒரு டெஸ்ட். பஸ் நம்பர் மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். அது ஒரு அடையாளமாம், பிறவியிலயே ரத்தத்துல இருக்குமாம், பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வருமாம். அவுகளுக்கு இருக்குன்னு ரிசல்ட் வந்துச்சு. அப்ப எம் பிள்ளைக்கும் இன்னைக்கே எடுங்கன்னு எந்திரிச்சு நின்னுட்டேன். அந்த டாக்டர் வயசுல சின்னவரு, பொறுமைசாலி. அடையாளம் வேற, சீக்கு வேறம்மா, அடையாளம் இருக்கிறவங்கள்ல ரொம்பப் பேருக்கு ஆயுசு முழுக்க ஒண்ணும் ஆகாது, அது இல்லாமயும் சிலருக்கு இந்தச் சீக்கு வரும், பிள்ளைக்கு ஒண்ணும் இல்லாதப்ப எதுக்கு ஊசி குத்தணும்னாரு. கண்ணு செவந்து வலிச்சாலோ, காலையில முதுகு இறுகுதுன்னாலோ பொடின்னு சொல்லிக்கிட்டு இருக்காம நேரா கூட்டிட்டு வரணும், அம்புட்டுதான். அதுக்குப் பெறகுதான் நான் உக்காந்தேன்.

கண்ணு நல்லாத் தெளிஞ்சுருச்சு. சொட்டு மருந்தை நான் மணி பாத்து மணி பாத்து விட்டேன். பாப்பா விரியிற மருந்து விட்டா எல்லாம் மங்கலாத் தெரியும்போல. அப்பவும் என்னைய உத்துப் பாத்து, நீ இப்பத்தான் அழகா இருக்கன்னாக. அழுத்தக்காரருக்கு வந்த கிண்டலைப் பாருங்க. கடைசியில பிரீத்திகா வரைஞ்ச படத்துல கோழியா மயிலான்னு சரியாச் சொன்னாக, மயிலாம். எனக்கு அது இன்னைக்கும் கோழியாத்தான் தெரியுது.

மாமாகிட்ட யாரு சொல்லுறதுங்கிறதுதான் மிச்சம் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் சொல்லவே மாட்டாக. ரத்தத்துல வந்ததுன்னு கேட்டா ஐயா ஒடிஞ்சு போயிருவாருன்னு என்னையும் சொல்ல விடல. எனக்கு மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டுப் புழங்கத் தெரியாது. மறுநாள் கஞ்சி குடுக்கும்போது முன்னால உக்காந்து சொல்லிட்டேன். மாமா, பொடி இல்லையாம், மூட்டையும் இல்லையாம், உங்களுக்கும் இவுகளுக்கும் ஒரே சீக்காம், ரத்த வழியா வந்ததாம். அடுப்படியிலருந்து எங்க வீட்டுக்காரர் பல்லைக் கடிக்கிறது எனக்குக் கேட்டுச்சு.

மாமா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வச்சாக. "அப்ப நான் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனதுனால இல்லையா?"ன்னு கேட்டாக.

"இல்ல மாமா. நீங்க கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாலும் வந்திருக்கும்."

மாமா சிரிச்சாக. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. ரத்தத்துல வந்ததுக்கு நான் என்னத்தா செய்ய முடியும், எங்கப்பன் எனக்குக் குடுத்திருப்பான், அவனுக்கு எவன் குடுத்தானோன்னு சொல்லிக் கஞ்சியை மடக் மடக்குன்னு குடிச்சாக. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு வாங்கியும் குடிச்சாக. எங்க வீட்டுக்காரர் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாக.

மாமாவையும் ஒருதரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். இறுகுன முதுகை இனிமே நிமித்த முடியாது, இருக்கிற கண்ணு நல்லாருக்கு, வலிக்கு மாத்திரை தாரோம்னாங்க. அதுல அவுகளுக்கு ஒரு வருத்தமும் இல்ல. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து, ஒருக்களிச்சுச் சாஞ்சு, விருதுநகர் தாண்டுற வரைக்கும் வெளியில பாத்துக்கிட்டே வந்தாக.

இவுகளுக்கு மாத்திரையோட உடற்பயிற்சியும் உண்டு. வேலையை விட வேணாம், நடக்குறது நல்லதுதான், பாரத்தை மட்டும் குறைச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊர்க்காவலன் அண்ணன்கிட்ட நானே போயிப் பேசி, பெரிய தட்டை ரெண்டு பேராத் தூக்க ஏற்பாடு பண்ணிட்டேன். லீவு நாள்ல இப்ப என்னையும் சேத்து நடக்கக் கூட்டிட்டுப் போறாக. கண்மாய்க்கரை வரைக்கும் போயிட்டு வருவோம். நான் பேசிக்கிட்டு வருவேன், அவுக கேட்டுக்கிட்டு வருவாக. என் மூஞ்சியால வந்த வலி இல்லைன்னு பெரியாஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டதா பாண்டிலட்சுமிகிட்டயும் சொல்லிட்டேன்.

தினமும் காலையில வேன் வாறதுக்கு முன்னால சுவத்துல ஒட்டி நிக்கணும். குதிங்கால், புட்டம், தோள்பட்டை, பின்தலை, எல்லாம் சுவத்தைத் தொடணும். நெஞ்சு விரிய மூச்சை இழுத்து விடணும். பின்தலை எப்பச் சுவத்தைத் தொடலையோ, அப்ப முதுகு வளையத் தொடங்குதுன்னு அர்த்தமாம். சோம்பேறித்தனம் பண்ணுவாக, நான் கரண்டியோட வந்து நின்னாத்தான் நடக்கும்.

மாமா தினமும் வாசப்படியில உக்காந்துக்கிட்டு, ஏலே, தலை முட்டுதான்னு கேப்பாக. முட்டுதுய்யான்னு இவுக சொல்லுவாக. மாமாவுக்குத் தலையைத் தூக்கிப் பாக்க வழி இல்ல. தெரியுறது மகனோட பாதம் மட்டும்தான். கண்ணு புகையா இருந்ததையே ஒண்ணுமில்லைன்னு சொன்ன ஆளு, இதை மட்டும் நெசமாச் சொல்லுவாகளா? எங்கிட்டயும் தனியாக் கேப்பாக. முட்டுது மாமான்னு நானும் சொல்லுவேன். உம்னு கேட்டுக்கிட்டாலும் மனசு ஆறலைன்னு தெரியும்.

நேத்துக் காலையில வழக்கம்போல இவுக சுவத்துல நிக்காக. மாமா எந்திரிச்சாக. தூணைப் பிடிச்சு, சுவத்தைப் பிடிச்சு மகன் பக்கத்துல வந்து நின்னு, கையைத் தடவித் தடவி மேல கொண்டு போனாக. தோளைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, பின்தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல விரலை விட்டுப் பாத்தாக. மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை அழுத்திப் பாத்தாக. இவுக அசையாம நின்னாக. நான் கரண்டியும் கையுமா அப்படியே நின்னுட்டேன்.

"நுழையலத்தா"ன்னாக மாமா, தரையைப் பாத்துக்கிட்டே. "ஒத்த விரல்கூட நுழையல."

தெருமுனையில வேன் ஹாரன் அடிச்சுச்சு. கையை எடுங்கய்யா, நேரமாச்சுன்னாக இவுக. மாமா அந்தக் கையை மகன் தலையில வச்சது வச்சபடியே நின்னாக.